வண்ணக்குண்டைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும்: வெயிலுக்கு, குளிருக்கு, மழைக்கு, உள்ளரங்குக்கு

குழலுக்குள் உடையக் கூடாது. இலக்கில் பட்டதும் உடைய வேண்டும். எதிரணியினர்மேல் நிறம் நிறைந்த குண்டுகளைச் சுட்டு ஆடும் பெயிண்ட்பால் விளையாட்டில் ஒரு வண்ணக்குண்டிடம் நாம் கேட்பது இந்த இரண்டையும்தான். ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்பவை. காற்றழுத்தத்தின் திடீர் உந்துதலைத் தாங்கும் அளவுக்குத் தோல் உறுதியாக இருந்தால், எதிரே நிற்பவரின் தளர்ந்த சட்டையில் பட்டு உடையாமல் எகிறிப் போகும் வாய்ப்பும் கூடுகிறது. சட்டையில் எளிதாக உடையும்படி தோல் மெல்லியதாக இருந்தாலோ, அது மார்க்கர் எனப்படும் சுடுகருவிக்குள்ளேயே நொறுங்கி, குழலைத் துடைக்கும்வரை பின்னால் வரும் குண்டுகளையும் திசைமாற வைக்கிறது. இவற்றுக்கு நடுவே சரியான இடம் எது என்பதைத் தயாரிப்பாளர் ஓரளவுதான் தீர்மானிக்கிறார். மீதியை அன்றைய வெப்பமும் ஈரப்பதமும், குண்டு உங்கள் கைக்கு வந்தபின் கிடந்த இடமும் தீர்மானிக்கின்றன. மிக உயர்ந்த தரக் குண்டை வாங்கிக் கவனமின்றி வைத்திருப்பவரைவிட, நடுத்தரக் குண்டை வாங்கி ஒழுங்காகப் பேணி, நாளுக்கேற்பப் பயன்படுத்துபவரே களத்தில் நன்றாக ஆடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

குண்டு எதனால் ஆனது

பேணும் முறைகளை மனப்பாடம் செய்வதைவிட, குண்டின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்வது பயன் தரும். அது புரிந்தால் முறைகள் தாமாகவே நினைவில் நிற்கும். மருந்துக் கடைகளில் விற்கும் மீன் எண்ணெய் மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்ணக்குண்டின் தோலும் அதே ஜெலட்டின்தான். தயாரிக்கும் முறையும் ஏறக்குறைய அதேதான். இரண்டு ஜெலட்டின் தகடுகள் அச்சு உருளைகளுக்கு இடையில் சந்திக்கும்போது நடுவே நிறக்கலவை செலுத்தப்பட்டு, விளிம்புகள் ஒட்டப்படுகின்றன. குண்டைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரிகிறதே, அது அந்த ஒட்டுதான். தோல் முறுகிப்போகாமல் வளைந்துகொடுப்பதற்காக அதில் கிளிசரின், சார்பிட்டால் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள்.

உள்ளே இருப்பது பொதுவாகப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் திரவமும், அதைக் கெட்டிப்படுத்தும் பொருள்களும், நிறமும். ஏன் வெறும் நிறத்தண்ணீரை ஊற்றவில்லை என்று கேட்கலாம். தண்ணீர் ஜெலட்டின் தோலை உள்ளிருந்தே ஊறவைத்துக் கரைத்துவிடும். கிளைக்கால் தோலைக் கரைப்பதில்லை, ஆனால் தண்ணீரோடு நன்றாகக் கலக்கும். அதனால்தான் துணியில் பட்ட நிறம் துவைத்தால் போய்விடுகிறது. 1981-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காட்டில் 12 பேர் இந்த விளையாட்டை முதன்முதலாக ஆடியபோது இந்த வசதி இல்லை. அவர்கள் பயன்படுத்திய குண்டுகள் வெட்ட வேண்டிய மரங்களையும் கால்நடைகளையும் அடையாளமிடுவதற்காகச் செய்யப்பட்டவை. உள்ளே எண்ணெய் வண்ணம் இருந்தது. அதைத் துடைக்க டர்பன்டைன் வேண்டியிருந்தது. விளையாட்டு பரவிய பிறகே தண்ணீரில் கரையும் கலவைக்கு மாறினார்கள்.

ஜெலட்டின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். காற்று வறண்டிருந்தால் தன்னிடமுள்ள ஈரத்தை வெளியே விடும். இந்த ஒரு பண்புதான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஈரம் ஏறினால் குண்டு உப்பும், மென்மையாகும், பிசுபிசுக்கும், உடைய மறுக்கும். ஈரம் இறங்கினால் சுருங்கும், முறுகும், தொட்டால் உடையும் நிலைக்கு வரும். வெப்பமும் இதே திசையில் வேலை செய்கிறது: சூட்டில் தோல் இளகுகிறது, குளிரில் விறைக்கிறது. ஈரமும் வெப்பமும் ஒன்றாகக் கூடும் நாளில் குண்டு ரப்பர் போலாகிறது; இரண்டும் ஒன்றாகக் குறையும் நாளில் முட்டை ஓடு போலாகிறது.

அளவும் தரமும்

பரவலாக ஆடப்படும் குண்டு 0.68 அங்குல விட்டம் கொண்டது, அதாவது ஏறத்தாழ 17.3 மில்லிமீட்டர், எடை சுமார் 3 கிராம். சிறுவர்களுக்கும், வலியைக் குறைக்க விரும்பும் களங்களுக்கும் 0.50 அங்குலக் குண்டு உண்டு. விட்டத்தில் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் கன அளவில் அது பெரியதின் ஐந்தில் இரண்டு பங்குதான் இருக்கும். எனவே அடியின் வேகம் தணிவாகப் படுகிறது. அதற்கு விலையாக, காற்றில் விரைவாகத் தளர்ந்துவிடுகிறது, சிறிது காற்றடித்தாலும் விலகுகிறது, பட்ட இடத்தில் சிறிய தடமே விழுகிறது. திறந்த வெளியில் தொலைவிலிருந்து ஆடுவோருக்கு இது உகந்ததல்ல.

தரத்தைப் பொறுத்தவரை பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அடைமொழிகள் பலவாறாக இருக்கும். உண்மையில் வேறுபாடு மூன்று இடங்களில்தான் இருக்கிறது: தோலின் தடிமன், உருண்டையின் சீர்மை, உள்ளிருக்கும் கலவையின் அடர்த்தி. பயிற்சி ஆட்டத்துக்கும் முதன்முறை ஆடுபவர்களுக்கும் தரும் குண்டில் தோல் தடித்திருக்கும். வாடகை மார்க்கரின் முரட்டுத்தனத்தைத் தாங்கும். போட்டிக் குண்டில் தோல் மெல்லியது, உருண்டை ஒரே சீரானது, கலவை கெட்டியாகவும் பளிச்சென்றும் இருக்கும். எதிராளி அதைக் கையால் துடைத்து மறைப்பது கடினம். ஆனால் போட்டிக் குண்டை எந்த மார்க்கரிலும் போட்டு ஆடலாம் என்று எண்ணுவது தவறு. குண்டை முரட்டுத்தனமாகத் தள்ளும் பழைய வகை மார்க்கரில் அது அடிக்கடி நொறுங்கும். உங்கள் மார்க்கர் எவ்வளவு மென்மையாகக் குண்டைக் கையாள்கிறதோ, அவ்வளவு மெல்லிய தோலுக்கே நீங்கள் போகலாம்.

வாங்கும்போது செய்யும் சோதனைகள்

முதலில் பையைத் திறக்காமலே பாருங்கள். நெகிழிப் பையின் உட்புறத்தில் எண்ணெய்ப் பூச்சுப் போன்ற ஈரம் தெரிந்தால் உள்ளே ஏதோ ஒரு குண்டு கசிந்திருக்கிறது. குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகக் கிடந்தால், அவை எங்கோ சூட்டிலோ ஈரத்திலோ கிடந்து வந்தவை. தயாரித்த தேதியோ தொகுப்பு எண்ணோ பெட்டியில் இருந்தால் அதைப் படியுங்கள். சில வாரங்களுக்கு முன் செய்யப்பட்ட குண்டு, பல மாதங்கள் அடுக்கில் கிடந்த உயர்தரக் குண்டைவிட நன்றாக ஆடும்.

பிறகு சில குண்டுகளை எடுத்து ஒரு தட்டையான பரப்பில் உருட்டுங்கள். தள்ளாடாமல் நேராக ஓட வேண்டும். ஒட்டுக்கோடு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு வழுவழுப்பாக இருக்க வேண்டும். குழிகளோ, ஒரு பக்கம் தட்டையோ இருந்தால் அந்தக் குண்டு காற்றில் நேராகப் போகாது.

அடுத்தது விழச்செய்து பார்க்கும் சோதனை. தலையளவு உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய 6 அடியிலிருந்து, கடினமான தரையில் குண்டை வெறுமனே கைவிடுங்கள், எறியக் கூடாது. முதல் அல்லது இரண்டாம் துள்ளலில் உடைந்தால் அது மெல்லிய, போட்டிக்கேற்ற தோல். மூன்று நான்கு துள்ளல்களைத் தாங்கினால் பொதுப் பயன்பாட்டுக்கு நல்லது. அதற்கும் மேல் துள்ளிக்கொண்டே இருந்தால் எதிராளியின் மேலும் அது துள்ளவே செய்யும். ஒரே ஒரு குண்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்தாறு குண்டுகளையாவது கைவிட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைக் கடையில் செய்வதைவிட, ஆடப்போகும் இடத்தில், ஆடப்போகும் நேரத்தில் செய்வதே கூடுதலாக உதவும், ஏனென்றால் குளிரூட்டப்பட்ட அறையில் இரண்டு துள்ளலில் உடைந்த குண்டு உச்சி வெயிலில் ஐந்து துள்ளல் தாங்கலாம்.

குழலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது தனிக் கவனத்துக்குரியது. 0.68 என்பது பெயரளவுதான். உண்மையில் ஒரு குண்டு 0.680-ஆகவும் இன்னொன்று 0.690-ஆகவும் இருக்கக்கூடும், அதுவும் நேற்றைய காற்றின் ஈரத்தைப் பொறுத்து மாறியிருக்கும். குழலை மார்க்கரிலிருந்து கழற்றி, பின்முனையில் ஒரு குண்டை இடுங்கள். அது தானாக உருண்டு மறுமுனையில் விழுந்தால் குழல் பெரிது. அங்கேயே நின்று, வாயால் ஒரு முறை சட்டென்று ஊதியதும் வெளியே பாய்ந்தால் பொருத்தம் சரி. பலமாக ஊதியும் அசையாவிட்டால் குழல் சிறிது. உள்விட்டத்தை மாற்றிக்கொள்ள உதவும் உறைகள் கொண்ட குழல் உங்களிடம் இருந்தால், காலையில் ஒரு முறையும் மதிய இடைவேளைக்குப் பின் ஒரு முறையும் இப்படி ஊதிப் பாருங்கள். காலையில் சரியாக நின்ற குண்டு மதியம் உப்பியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

குளிர்காலம்

இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீரர்கள் அதிகமாகத் தடுமாறுவது குளிரில்தான்.

வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் சாதாரணக் குண்டின் தோல் விறைக்கத் தொடங்குகிறது. உள்ளிருக்கும் கலவையும் தடிக்கிறது. கோடையில் அருமையாக ஆடிய போட்டிக் குண்டு இப்போது ஹாப்பர் எனப்படும், மார்க்கருக்குக் குண்டு ஊட்டும் கலத்திலேயே நொறுங்கும். எனவே குளிரில் ஒரு படி கீழிறங்கி, தடித்த தோலுள்ள குண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குளிர்காலத்துக்கென்றே வளைந்துகொடுக்கும் தோலோடு செய்யப்படும் குண்டுகளும் கிடைக்கின்றன. அவற்றைச் சூடான நாளில் பயன்படுத்தாதீர்கள்; வெயிலில் அவை மெழுகுபோல் இளகி, எங்கும் உடையாமல் துள்ளும்.

குண்டை மாற்றினால் மட்டும் போதாது. வேகமாகக் குண்டு ஊட்டும் மின் ஹாப்பர்கள் ஒவ்வொரு குண்டையும் முந்தையதன் மேல் அழுத்துகின்றன. விறைத்த தோல் அந்த அழுத்தத்திலேயே விரிசல் விடும். ஊட்டும் வேகத்தையும் விசையையும் குறைத்து வையுங்கள். குழல் உறை இருந்தால் வழக்கத்தைவிடச் சற்றுத் தளர்வானதைப் போடுங்கள். இறுக்கமான குழலும் விறைத்த தோலும் சேர்ந்தால் ஒவ்வொரு சில குண்டுகளுக்கும் ஒரு முறை குழலைத் துடைக்க நேரிடும். மார்க்கர் கார்பன் டை ஆக்சைடில் இயங்குவதாக இருந்தால், திரவம் வாயுவாக மாறும்போது சுற்றியுள்ள உலோகத்தின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் குண்டு அந்த உலோகத்தைத் தொட்டு மேலும் விறைக்கிறது. குளிர் நாளில் அழுத்தப்பட்ட காற்றுச் சிலிண்டரைப் பயன்படுத்துவது குண்டுக்கும் நல்லது, வேகம் ஏறியிறங்காமல் இருப்பதற்கும் நல்லது.

குண்டுகளை ஆட்டம் தொடங்கும்வரை இளஞ்சூட்டில் வைத்திருங்கள். பனிக்கட்டி போடாத குளிர்பெட்டி இதற்கு மிகச் சிறந்த துணை. அதன் சுவர்கள் வெளிக்குளிரை உள்ளே விடுவதில்லை. ஒரு சுற்றுக்குத் தேவையானதை மட்டும் எடுத்து ஹாப்பரில் நிரப்புங்கள். பாட் எனப்படும் நீளமான நிரப்புச் சிமிழ்களைக் கூடுதல் மேலங்கிக்குள் வைத்துக்கொண்டால் உடற்சூடே போதும். எக்காரணம் கொண்டும் ஹீட்டரின் முன்னாலோ அடுப்பருகிலோ பெட்டியை வைத்துச் சூடாக்கக் கூடாது. வெளிப்புறக் குண்டுகள் இளகி ஒட்டிக்கொள்ள, நடுவிலிருப்பவை விறைத்தபடியே இருக்கும்.

குண்டுகளை உறையவைத்துச் சுட்டால் நன்றாக வலிக்கும் என்று சிலர் பேசுவதுண்டு. இது பேச்சளவில் நின்றாலும் தவறான பேச்சு. உறைநிலைக்குப் போன குண்டு உருக்குலைந்து நேராகப் போகாது என்பது ஒருபுறம் இருக்க, முகக்கவசங்கள் எல்லாம் சாதாரணக் குண்டின் தாக்கத்தை அளவாகக் கொண்டே சோதிக்கப்படுகின்றன. கண் சம்பந்தப்பட்ட விளையாட்டில் அந்த அளவை மீறும் எதையும் களத்துக்குக் கொண்டுவர யாருக்கும் உரிமை இல்லை.

வெயிலும் புழுக்கமும்

வெப்பமும் ஈரமும் மிகுந்த நாளுக்கு மெல்லிய, எளிதில் உடையும் தோலுள்ள குண்டையே வாங்குங்கள். காற்றே அதை மென்மையாக்கிவிடும் என்பதால், தொடக்கத்தில் சற்று அதிகமாக முறுகியிருக்கும் குண்டுதான் மதியத்தில் சரியான நிலைக்கு வரும். தடித்த தோலுள்ள குண்டு இப்படிப்பட்ட நாளில் எதிராளிமேல் பட்டு எகிறுவது ஆட்டத்தை மட்டும் கெடுப்பதில்லை. உடையும் குண்டு தன் விசையில் ஒரு பகுதியை உடைவதிலேயே செலவிடுகிறது, உடையாத குண்டோ முழு அடியையும் உடம்புக்குக் கொடுக்கிறது. கன்றிப்போன தடங்கள் அதிகம் தெரிவது இதனால்தான்.

புழுக்கத்தில் குண்டு உப்புவதால் பெரிய உள்விட்டமுள்ள உறையைத் தயாராக வைத்திருங்கள். குண்டுப் பெட்டியை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, குளிர்பெட்டிக்குள் வையுங்கள். அதில் பனிக்கட்டியைப் போட்டுவிடாதீர்கள்: குளிர்ந்த குண்டை வெளியே எடுத்ததும், குளிர்ந்த கண்ணாடிக் குவளையின் மேல் நீர்த்துளி படிவதைப் போலவே அதன்மேலும் ஈரம் படியும், சில நிமிடங்களில் தோல் வழவழத்துப்போகும். ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஹாப்பரை வெயிலில் விட்டு வைக்காமல் இருப்பது சிறிய பழக்கமாகத் தோன்றலாம், ஆனால் கறுப்பு நிற ஹாப்பருக்குள் வெப்பம் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் கையை விட்டுப் பார்த்தவர்கள் அதைக் கைவிடமாட்டார்கள்.

வெப்பம் இருந்தும் காற்று வறண்டிருக்கும் இடங்களில் கணக்கு வேறு. அங்கே திறந்த பையிலுள்ள குண்டுகள் ஈரத்தை இழந்து சுருங்கி, குழலுக்குள் தளர்ந்துபோகும். பையை ஒவ்வொரு முறையும் இறுக்கி மூடுவதும், தேவையானதை மட்டும் வெளியே எடுப்பதும் இங்கே முதன்மையானவை.

மழை

மழைத்துளி பட்ட குண்டு அந்த இடத்தில் மட்டும் ஊறி உப்பும், உருண்டை குலைந்துவிடும். மழையை எதிர்கொள்ளும் குண்டு என்று தனியாக ஒன்றைத் தேடுவதில் பயனில்லை. ஈரம் படாமல் காப்பதே வழி. ஹாப்பருக்கு மூடி போடுங்கள். வேகமாக நிரப்புவதற்காக மூடியை எடுத்துவிட்டு நெகிழ்விதழ்களைப் பொருத்தியிருந்தால் மழைநாளில் பழைய மூடியைத் திரும்பப் போடுங்கள். சிமிழ்களைக் கவிழ்க்கும்முன் அவற்றின் வாயையும் உங்கள் கையுறையையும் துடையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஹாப்பரில் மிச்சமிருக்கும் குண்டுகளை நல்ல குண்டுகள் இருக்கும் பையில் ஒருபோதும் திரும்பக் கொட்டாதீர்கள். ஈரமான நாலு குண்டுகள் பை முழுவதையும் கெடுக்கப் போதும்.

களத்தின் தன்மை

அடர்ந்த காட்டில் ஆடுவோருக்கு ஒரு இக்கட்டு உண்டு. தொலைவில் இருப்பவரைத் தொடும்போது குண்டின் வேகம் தளர்ந்திருக்கும், ஆகவே எளிதில் உடையும் தோல் வேண்டும். ஆனால் அதே மெல்லிய தோல் நடுவிலுள்ள இலையிலும் சுள்ளியிலும் பட்டு உடைந்துவிடும். என் தேர்வு எப்போதும் நடுத்தரத் தோல்தான், புதர் மிகுந்த களத்தில் அதைவிடவும் சற்றுத் தடித்தது. காற்று நிரப்பிய தடுப்புகளோடு அமைக்கப்படும் திறந்த களத்தில் இந்தக் குழப்பம் இல்லை. மார்க்கர் தாங்கும் மட்டும் மெல்லிய தோலுக்குப் போகலாம்.

உள்ளரங்கில் தொலைவு குறைவு. பல திறந்தவெளிக் களங்களில் வேகத்தின் உச்சவரம்பு வினாடிக்கு 280 அல்லது 300 அடியாக இருக்க, உள்ளரங்குகள் அதைவிடக் குறைத்தே வைக்கின்றன. குறைந்த வேகத்திலும் உடைய வேண்டும், அருகிலிருந்து பட்டாலும் அதிகம் வலிக்கக் கூடாது என்ற இரண்டு காரணங்களுக்காகவும் இங்கே மெல்லிய தோலே ஏற்றது. தரையில் சிந்தும் கலவை வழுக்கும் என்பதால், அரங்கத்தார் குறிப்பிட்ட கலவையுள்ள குண்டை மட்டுமே அனுமதித்தால் அதற்குத் தயங்காமல் உடன்படுங்கள்.

நிறத்தில் சிந்திக்க வேண்டியது ஒன்றுதான்: பின்னணியிலிருந்து அது பிரிந்து தெரிய வேண்டும். காட்டில் பச்சையும் பழுப்பும் பயனற்றவை. மஞ்சளும் இளஞ்சிவப்பும் தெளிவாகத் தெரியும். இரத்தத்தோடு குழப்பிக்கொள்ள நேரும் என்பதால் செந்நிறக் கலவையைப் பல களங்கள் ஏற்பதில்லை, அது சரியான முடிவும்கூட: உண்மையான காயம் பட்டவரை ஒரு நொடியும் தாமதிக்காமல் கண்டுகொள்ள வேண்டும்.

குண்டை மாற்றினால், அது ஒரே தயாரிப்பின் வேறு பெட்டியாக இருந்தாலும், குரோனோகிராஃபில் வேகத்தை மறுபடி அளந்த பிறகே களத்துக்குள் செல்லுங்கள். குழலில் தளர்வாக ஓடிய குண்டுக்குப் பொருத்தமாக வைத்த அழுத்தம், இறுக்கமாகப் பொருந்தும் குண்டை வரம்புக்கு மேலான வேகத்தில் செலுத்திவிடக்கூடும்.

வீட்டில் பேணுதல்

வழக்கமான பெட்டியில் 2,000 குண்டுகள், பெரும்பாலும் 500 கொண்ட நான்கு பைகளாக இருக்கும். அடுத்த இரண்டு மூன்று ஆட்டங்களுக்கு வேண்டியதற்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். நன்றாகப் பேணினால் சில மாதங்கள் தாங்கும் என்றாலும், குண்டு நாளுக்கு நாள் மேம்படும் பொருள் அல்ல.

வைப்பதற்கு ஏற்ற வெப்பம் சுமார் 15 முதல் 24 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம். இந்த எண்களை எட்டுவதைவிட, அவை ஏறியிறங்காமல் ஒரே நிலையில் இருப்பது முக்கியம். வீட்டின் உட்புற அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி ஒன்றின் கீழ்த்தட்டு பெரும்பாலும் போதுமானது. மொட்டைமாடி அறை, வாகனக் கொட்டகை, குளியலறைக்கு அடுத்த அலமாரி, சமையலறை, காரின் பின்பெட்டி ஆகியவை கூடாது. வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் ஒரு பலகையின் மேல் வையுங்கள், ஏனென்றால் தரை குளிர்ச்சியையும் ஈரத்தையும் அட்டைப்பெட்டி வழியாகக் கடத்தும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை அலமாரிக்குள் வைத்துவிட்டால் ஊகிக்க வேண்டிய தேவை இராது.

குளிர்சாதனப் பெட்டி உதவும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உதவாது. அதன் உள்காற்று வறண்டது, தோலை முறுகச் செய்யும். வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து தோல் ஊறும். ஒரே நாளில் இரண்டு கேடும் நடக்கும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பைக்குள் கைநிறையப் போடுவதும் இதே போன்ற தவறு. குண்டுக்கும் ஓரளவு ஈரம் தேவை. அதை முழுவதுமாக உறிஞ்சிவிட்டால் உடைந்த குண்டுகளே மிஞ்சும்.

பெட்டியை வாரத்துக்கு ஒரு முறை தலைகீழாகத் திருப்பி வையுங்கள். அடுக்கின் அடியிலுள்ள குண்டுகள் மேலிருப்பவற்றின் எடையில் நசுங்கிக் குழி விழும். ஒரே நிலையில் நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் நிறமும் அடியில் படியும். திருப்பி வைப்பதால் இரண்டும் தடுக்கப்படுகின்றன. குலுக்கவோ தூக்கிப் போடவோ வேண்டாம். மெதுவாகச் சாய்த்துத் திருப்பினால் போதும். பெட்டியின் மேல் வேறு எதையும் அடுக்காதீர்கள்.

திறந்த பையில் மிஞ்சியவற்றைத் தயாரிப்பாளரின் பையிலேயே, உள்காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு, இறுகக் கட்டி வைக்கலாம். அல்லது காற்றுப் புகாத நெகிழிப் பைக்கு மாற்றலாம். மாற்றும் முன் ஒவ்வொரு குண்டையும் பாருங்கள். ஒன்று உடைந்து மற்றவற்றின்மேல் கலவை படிந்திருந்தால், நூல் உதிராத உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். தண்ணீரால் கழுவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஜெலட்டினைத் தண்ணீரில் நனைத்தால் என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம். ஹாப்பரிலும் சிமிழ்களிலும் குண்டுகளை அடுத்த ஆட்டம்வரை விட்டு வைக்காதீர்கள்.

களத்துக்குக் கொண்டுபோகும்போது பெட்டியை வாகனத்தின் உள்ளே, இருக்கைக்குக் கீழே வையுங்கள். ஒருமுறை வெயில் நாளில் பின்பெட்டியில் இரண்டு மணி நேரம் விட்டுவிட்டேன். திறந்தபோது குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது ஒட்டிய இடங்களில் தட்டையாக நின்றன. அந்தப் பெட்டியிலிருந்து நேராகப் பறந்த குண்டுகள் மிகச் சில. களத்தை அடைந்ததும், கடுங்குளிராக இல்லாத நாளில், மூடிய பையை அரை மணி நேரம் நிழலில் வைத்துச் சூழலோடு பழகவிடுங்கள்; பிறகுதான் ஊதிப் பார்க்கும் சோதனையும் வேக அளவீடும் உண்மையான விடையைத் தரும்.

தரையில் விழுந்த குண்டை எடுத்துப் போடும் பழக்கம் வேண்டாம். மண்ணின் ஈரத்தில் அது உப்பியிருக்கும், மேலே ஒட்டிய மணல் குழலின் உட்புறத்தைக் கீறும். ஒரு குண்டை மிச்சம் பிடிக்கப்போய் குழலையே பாழாக்குவது நல்ல வரவு செலவு அல்ல.

நாயும் குழந்தையும் உள்ள வீடுகள்

இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். வண்ணக்குண்டில் உள்ள பொருள்கள் மனிதத் தோலில் பட்டால் தீங்கில்லாதவை என்பதால் அவை எல்லா வகையிலும் பாதுகாப்பானவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நாய் அவற்றை விழுங்கினால் நிலைமை மோசம். ஜெலட்டின் மணமும் கிளிசரினின் இனிப்பும் நாயை ஈர்க்கும். அது ஒன்றோடு நிறுத்துவதில்லை. உள்ளே போன கிளைக்காலும் கிளிசரினும் சார்பிட்டாலும் உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துக்கொள்கின்றன. இரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஏறி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்கியது தெரிந்தால் அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள், குண்டுப் பெட்டியின் அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குண்டு வைக்கும் அலமாரிக்குப் பூட்டு இருக்கட்டும். மிட்டாய் உருண்டை போலத் தோன்றுவதால் சிறு குழந்தைகளின் கைக்கும் எட்டக் கூடாது.

பழைய குண்டை எப்போது கைவிடுவது

குழி விழுந்தவை, ஒட்டிக்கொண்டவை, பல துள்ளல் தாங்குபவை, குழலில் ஊதினால் நகராத அளவுக்கு உப்பியவை ஆகியவற்றை ஆட்களை நோக்கிச் சுடாதீர்கள். பழையவை வீணாகக் கூடாது என்று நினைத்தால் தனியாக ஓர் இலக்குப் பலகையில் சுட்டுப் பழகலாம். முகக்கவசம் அப்போதும் கழற்றப்படக் கூடாது. அதற்கும் உதவாதவற்றை வெட்டவெளியிலோ வடிகாலிலோ கொட்டாமல், தடித்த பையில் கட்டி, விலங்குகள் கிளற முடியாதபடி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள்.